எட்டு ஆண்டு நின்ற 944 டர்போ: பெரிய டர்போவுக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: 1987 மாடல் போர்ஷே 944 டர்போ ஒன்று வாங்கியிருக்கிறேன். எட்டு ஆண்டுகள் ஷெட்டிலேயே நின்ற வண்டி. விற்றவர் என் முன்னால் ஸ்டார்ட் செய்து காட்டினார், ஓடுகிறது. ஆனால் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்று கிளம்பினால் பின்னால் நீலப்புகை வருகிறது. "டர்போ போய்விட்டது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும். பெரிய டர்போவும் சிப்பும் போட்டால் 350 குதிரைசக்தி வரும்" என்கிறார் மெக்கானிக். ரேஸ் ஓட்டும் எண்ணம் இல்லை, சாலையில் ஓட்டத்தான். போடலாமா?

பதில்: வேண்டாம். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம், அதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த வண்டியை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். டைமிங் பெல்ட் மாற்றும்வரை சாவியைத் தொடவே வேண்டாம்.

இந்த என்ஜினின் முன்பக்கம் இரண்டு பல் பெல்ட்கள் ஓடுகின்றன. ஒன்று, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. இதுதான் டைமிங் பெல்ட், கேம் பெல்ட் என்றும் சொல்வார்கள். மற்றொன்று, நான்கு சிலிண்டர் என்ஜினின் அதிர்வை அடக்கும் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்களைச் சுற்றுகிறது. முதல் பெல்ட் அறுந்தாலோ, சில பல் நழுவினாலோ, திறந்து நிற்கும் வால்வின்மேல் பிஸ்டன் வந்து மோதும். எட்டு வால்வில் எத்தனை வளைந்தன என்பது ஹெட்டைக் கழற்றினால்தான் தெரியும். நான்கு ஆண்டு அல்லது 50,000 கி.மீ., இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் இந்த பெல்ட்டின் ஆயுள். உங்கள் வண்டியின் பெல்ட் நின்ற இடத்திலேயே இரண்டு ஆயுளைக் கடந்துவிட்டது. மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் இருக்கிறது என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம்.

பெல்ட்டை மட்டும் மாற்றி அனுப்பும் ஒர்க்‌ஷாப் வேண்டாம். இரண்டு பெல்ட், எல்லா ரோலர்கள், வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல்கள் அத்தனையும் ஒரே முறையில் மாற வேண்டும். பழைய ரோலர் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். பழைய சீல் கசிந்தால் எண்ணெயில் ஊறிய ரப்பர் உரியும். பெல்ட்டின் இறுக்கத்தை அதற்கான அளவுகருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கட்டைவிரலால் முறுக்கிப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். உங்கள் 1987 மாடலில் கேம் பெல்ட்டுக்கு ஸ்பிரிங் டென்ஷனர் உண்டு. அதைப் பார்த்துவிட்டு, "இது தானாகவே இறுக்கிக்கொள்ளும்" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. பூட்டியிருக்கும் போல்ட்டைத் தளர்த்தும்போது மட்டும்தான் அந்த ஸ்பிரிங் வேலை செய்யும். பூட்டிய பிறகு அது சும்மா இருக்கும் இரும்பு. புது பெல்ட் சில ஆயிரம் கிலோமீட்டரில் சற்று நீளும், அப்போது யாராவது திரும்பத் தளர்த்திப் பூட்ட வேண்டும்.

அடுத்தது பெட்ரோல் ஹோஸ். இன்டேக் மேனிஃபோல்டுக்கு மேலே, இன்ஜெக்டர்களுக்கு பெட்ரோல் கொண்டுபோகும் ரெயிலுக்கு வரும் ஹோஸ்களையும், டேங்குக்குத் திரும்பும் ஹோஸ்களையும் விரலால் மடக்கிப் பாருங்கள். நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ, உலோகமும் ரப்பரும் சேரும் இடத்தில் ஈரம் இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். முப்பது வயது தாண்டிய ரப்பர் என்றால் எதுவும் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். இந்த வகை வண்டிகள் தீப்பிடித்து எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பல நாடுகளில் சாலைத் தகுதிச் சோதனை என்று நடத்துகிறார்கள், புகைக்குழாயில் குழல் விட்டு அளக்கிறார்கள், விளக்கை எரியவிட்டுப் பார்க்கிறார்கள். சூடான என்ஜின்மேல் பெட்ரோல் சொட்டக்கூடிய ஹோஸின் தேதியைப் பார்க்க மட்டும் அவர்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. தகுதிச் சான்றிதழ் கையில் இருக்கும்போதே வண்டி எரிந்துபோகலாம். இதைத் திருத்த யாருக்கும் அக்கறை இல்லை என்பது எரிச்சலைத்தான் தருகிறது.

இனி உங்கள் நீலப்புகை. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது என்று பொருள், டர்போ செத்துவிட்டது என்று பொருள் இல்லை. புகை எப்போது வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. இரவு முழுக்க நின்று காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வ் சீல்களில் கசிவு. ஐடிலில் நின்று கிளம்பும்போது வந்தால், வால்வ் சீலாகவும் இருக்கலாம், டர்போவிலிருந்து எண்ணெய் வடியும் பாதையில் அடைப்பாகவும் இருக்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்திப் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்குகளையும் டர்போவையும் சந்தேகிக்கலாம். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை.

டர்போவின் பேரிங்குக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு நுழைகிறது. வெளியே வரும்போது அழுத்தம் கிடையாது, தன் எடையில்தான் ஆயில் பேனுக்கு வடிய வேண்டும். வடியும் குழாய் கரி படிந்து குறுகினாலோ, என்ஜினின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் கூடினாலோ, எண்ணெய் போக இடமில்லாமல் டர்போவின் சீல் வழியே வெளியே தள்ளும். அந்த நிலையில் புது டர்போவும் புகைக்கும். அதனால் வரிசையாகச் செய்ய வேண்டியது இது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பாருங்கள், நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. எண்ணெய் ஊற்றும் மூடியுள்ள, என்ஜினின் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் பாகத்தின் அடிச் சீல்களையும் அதிலிருந்து போகும் ஹோஸையும் மாற்றுங்கள். பிறகு டர்போவின் வாயில் மாட்டியிருக்கும், ஜே எழுத்து போல வளைந்த ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே விரல் விட்டு ஷாஃப்டின் நட்டைப் பிடியுங்கள். உள்ளே வெளியே இழுத்தால் அசைவே தெரியக்கூடாது. பக்கவாட்டில் இலேசாக ஆடும். அதைக் காட்டி "பாருங்கள், ஆடுகிறது, போய்விட்டது" என்று சொல்லித்தான் பாதி டர்போக்கள் விற்கப்படுகின்றன. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங் அப்படித்தான் ஆடும், எண்ணெய் அழுத்தம் வந்ததும் நடுவில் நிற்கும். காற்றைத் தள்ளும் சக்கரத்தின் இதழ்கள் சுவரில் உரசிய கோடு இருக்கிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு இல்லை, இதழ் நுனி முழுதாக இருக்கிறது என்றால் உங்கள் வண்டியில் உள்ள கே26 வகை டர்போ இன்னும் உழைக்கும்.

கோடு இருந்தால், டர்போவைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடம் கவனமாக இருங்கள். வெளியே மணல் அடித்து, வெள்ளிப் பெயின்ட் பூசி, இரண்டு சீல் மாற்றி, "முழு ரீபில்ட்" என்று பெட்டியில் போட்டுக் கொடுப்பது பரவலாக நடக்கிறது. நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுழலும் ஷாஃப்டை, பாகங்களைப் பொருத்திய பிறகு அதற்கான இயந்திரத்தில் வைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும். அந்த பேலன்ஸ் அறிக்கையில் உங்கள் டர்போவின் எண் இருக்க வேண்டும். அறிக்கை இல்லை என்றால் பணம் இல்லை. உங்கள் பழைய டர்போவை முன்கூட்டியே "எக்ஸ்சேஞ்ச்" என்று வாங்கிப் போவார்கள், அதையும் கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுத்தது நல்ல இரும்பு உறையுள்ள டர்போவாக இருக்கும், வெடித்த உறையுள்ளது திரும்பி வரும்.

டர்போவைக் கழற்ற நேர்ந்தால் இன்டேக் மேனிஃபோல்டு வெளியே வந்தாக வேண்டும். அந்த ஒரு முறையில் அதன் கீழே இருக்கும் வேக்யூம் ஹோஸ்கள், டர்போவுக்குத் தண்ணீர் போகும் ஹோஸ்கள், எண்ணெய் வடிகுழாயின் சீல், என்ஜின் தட்டலை உணரும் நாக் சென்சார், சிறிய மின்சாரத் தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வண்டியை அணைத்ததும் கொஞ்ச நேரம் மெல்லிய ரீங்காரம் கேட்கும், அது இந்தப் பம்ப்தான். சூடான டர்போவைக் குளிரவைக்கிறது. சத்தமே இல்லை என்றால் பம்ப் செத்திருக்கிறது, டர்போவுக்குள் எண்ணெய் கருகிக்கொண்டிருக்கிறது.

இவை முடிந்த பிறகு சக்தியைப் பற்றிப் பேசலாம். உங்கள் என்ஜின் 2.5 லிட்டர், தொழிற்சாலையில் 220 குதிரைசக்தி, பூஸ்ட் சுமார் 0.75 பார் (பார் என்பது அழுத்த அலகு). டாஷ்போர்டில் உள்ள பூஸ்ட் மீட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும். வண்டி அணைந்திருக்கும்போதே 1 என்று நிற்கும், முழு பூஸ்ட்டில் 1.7-ஐ ஒட்டி வரும். இதைத் தெரியாமல் "1.7 பார் ஓடுகிறது" என்று பயந்தவர்களும் உண்டு, "இன்னும் 1 பார் ஏற்றலாம்" என்று துணிந்தவர்களும் உண்டு. வேறொரு நல்ல மீட்டர் தனியாக மாட்டுங்கள். சாலைக்கு 0.9-லிருந்து 1.0 பார் வரை போதும், அதுவே 250 குதிரைசக்திக்கு மேல் கொடுக்கும். 350 வேண்டுமென்றால் டர்போவோடு இன்ஜெக்டர், காற்று அளக்கும் மீட்டர், கிளட்ச், ஹெட் கேஸ்கெட் எல்லாம் மாற வேண்டும். அதில் ஒன்றை மிச்சம் பிடித்தால் பிஸ்டன்தான் விலை கொடுக்கும்.

சிப் என்பது என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நிரல் உள்ள பாகம், எல்லா 944 டர்போவுக்கும் ஒரே சிப் பொருந்தாது. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பாதி தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. 1988-இல் டர்போ எஸ் என்று ஒரு வகை வந்தது. என்ஜின் வகை எம்44/52, 250 குதிரைசக்தி, டர்போவின் புகை பக்கம் பெரியது, கே26/8. 1989-லிருந்து 1991 வரை வந்த எல்லா 944 டர்போவும் இதே என்ஜின்தான், பெயரில் எஸ் இல்லாவிட்டாலும். உங்கள் 1987 வண்டி எம்44/51, டர்போ கே26/6. இரண்டுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் உள்ள நிரல் வேறு. "944 டர்போ சிப்" என்று மட்டும் எழுதி விற்பவரிடம் "எந்த என்ஜினுக்கு, எந்த டர்போவுக்கு, எத்தனை பாருக்கு, பெட்ரோல் அழுத்தம் 2.5 பாரா 3.0 பாரா" என்று கேளுங்கள். நான்குக்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பழைய உரிமையாளர் டர்போ எஸ் டர்போவை உங்கள் வண்டியில் மாட்டியிருக்கவும் கூடும், அதனால் ஆண்டை நம்பாமல் டர்போவின் உடலில் உள்ள எண்ணைப் படியுங்கள். 1988 வண்டி டர்போ எஸ் என்று சொல்லி விற்றால், விருப்பப் பொருள்களின் பட்டியல் ஒட்டிய ஸ்டிக்கரில் எம்758 என்ற குறியீடு இருக்க வேண்டும். பின்கதவில் எழுத்து ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. சிப் போட்டபிறகு காற்று-பெட்ரோல் விகிதத்தை, புகையை வைத்து அதை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் பார்க்காமல் முழு பூஸ்ட் ஏற்றாதீர்கள். முழு பூஸ்ட்டில் 12-ஐ ஒட்டி நிற்க வேண்டும், 13-க்கு மேல் போனால் உடனே காலை எடுங்கள்.

பூஸ்ட் ஏற்றும் முன் இரண்டாம் சிலிண்டரின் பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும். வேகமான வளைவுகளில் எண்ணெய் நுரைத்து முதலில் பட்டினி கிடப்பது அதுதான். ஆயில் பேனை இறக்கினால் என்ஜின் வண்டியிலேயே இருக்க நான்கு ராட் பேரிங்கையும் மாற்றலாம். ராட் நட்டுகளைப் புதிதாகவே போடுங்கள், எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக்கில் ஃபுளூயிடும் ரப்பர் ஹோஸ்களும் கட்டாயம். நான்கு பிஸ்டன் காலிப்பரில் பேடு நகராமல் பிடித்தால், பேடு உராயும் ஸ்டீல் தகடுகளுக்குக் கீழே அலுமினியம் பூத்து அவற்றைத் தூக்கியிருக்கும். தகட்டைக் கழற்றிச் சுரண்டி மறுபடி பூட்டினால் போதும், காலிப்பர் மாற்ற வேண்டியதில்லை. வண்டியைத் தாழ்த்தாதீர்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் அலுமினியக் கையில் உள்ள பால் ஜாயின்ட் கோணம் மாறி முறியும். டயரின் பக்கத்தில் உள்ள டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் ஆண்டும், எட்டு ஆண்டு நின்ற டயரில் பள்ளக்கோடுகள் (த்ரெட்) இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

என்றாவது ஒரு நாள் ஸ்டார்ட்டர் சுற்றியும் என்ஜின் பிடிக்காமல், ஆர்பிஎம் முள் துள்ளினால், யாரும் பெரிய பில் போடும் முன் என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் விடும் டிஎம்இ ரிலேயை மாற்றிப் பாருங்கள். உள்ளே ஈயப் பற்று வெடித்திருக்கும், பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் போகாது. புதிது ஒன்று வாங்கிக் கையோடு வண்டியிலேயே வைத்திருங்கள். புது பெல்ட் போட்டு 2,500 கி.மீ. ஓடியதும் இறுக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். பெல்ட் மாற்றிய பில்லின் ஓரத்திலேயே, எந்த கி.மீ.-இல் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற மீட்டர் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.