தோள்பையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம்: கட்டற்ற மென்பொருளில் அமைப்பது எப்படி?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு இளைஞர் மன்றம் எங்களுடையது. தோட்டந்தோட்டமாகப் போய்த் தப்பு, உடுக்கு, காமன் கூத்துப் பாட்டு எல்லாம் பதிவுசெய்து, பிறகு அதோடு கீபோர்டும் குரலும் சேர்க்க ஆசை. கையில் 8 ஜிபி ராம் உள்ள பழைய லப்டொப் இருக்கிறது. கிராக் பண்ணிய சொப்ட்வெயார் பாதியில் நின்றுவிடுகிறது, சத்தமும் வெட்டி வெட்டி வருகிறது. இலவச லினக்ஸ் மென்பொருளை வைத்து இதைச் செய்ய முடியுமா? என்ன வாங்க வேண்டும்?

பதில்: முடியும், அந்த லப்டொப்பே போதும். உள்ளே இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். மலைப் பாதையில் பஸ் குலுக்கலுக்குச் சுழலும் டிஸ்க் தாங்காது. மென்பொருளுக்குச் செலவு இல்லை என்பதால் கையிலிருக்கும் காசை இரண்டு பொருளில் போடுங்கள்: ஒரு யூஎஸ்பி ஓடியோ இன்டர்பேஸ் (மைக்கின் சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி), இரண்டு டைனமிக் மைக் (மேடையில் பாடுபவர்கள் பிடிக்கும் வகை).

இன்டர்பேஸ் ‘கிளாஸ் கம்ப்ளையண்ட்’ வகையாக இருக்க வேண்டும். அப்படியானால் லினக்ஸில் டிரைவர் எதுவும் போடாமல் செருகியதும் வேலை செய்யும். பெஹ்ரிங்கர் யூஎம்சி 202 எச்டியில் இரண்டு மைக் உள்ளீடு உண்டு, யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும், நேரடியாகக் கேட்கும் பொத்தானும் உண்டு. அதே குடும்பத்து யூஎம்சி 22 விலை குறைவு, ஆனால் மைக் உள்ளீடு ஒன்றுதான். 404 எச்டிக்கு நான்கு உள்ளீடு இருந்தாலும் தனி அடாப்டர் வேண்டும். கரண்ட் இல்லாத இடத்தில் அது சுமைதான். யூஎஸ்பி கேபிள் ஒன்று கூடுதலாக வைத்திருங்கள். ஹப் வழியாகச் செருக வேண்டாம், சத்தம் வெட்டுவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

மைக் விஷயத்தில், நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மேல் உள்ள ஆசையை விடுங்கள். பனி மூடிய மாலையில் ஈரம் ஏறினால் அது பொரியும், தகரக் கூரையில் விழும் ஒவ்வொரு துளியையும் அள்ளிக்கொண்டு வரும். டைனமிக் மைக் ஈரத்தைப் பொறுக்கும், கண்டென்சருக்கு இன்டர்பேஸ் அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமும் கேட்காது. ஷூர் எஸ்எம் 57, 58 பெயரில் போலிகள் நிறைய வருவதால் தெரிந்த கடையில் வாங்குங்கள்.

மென்பொருளுக்கு, ஒலி வேலைக்கென்றே அமைத்த லினக்ஸான உபுண்டு ஸ்டுடியோவைப் பரிந்துரைக்கிறோம். இரட்டைப்படை வருடங்களில் ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பை எடுங்கள். ஆர்டர் (Ardour) முதலான பதிவு மென்பொருள்கள் அதிலேயே வரும். கோப்பு பல ஜிபி இருக்கும், டொரண்ட் வழியாக இறக்கினால் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆர்டரின் தளத்தில் தயார்ப் பதிப்புக்குக் காசு கேட்பார்கள். அது உருவாக்குபவர்களுக்கான ஆதரவு, அவ்வளவுதான். உபுண்டுவோடு வருவதற்குக் காசு இல்லை.

லப்டொப்பில் விண்டோஸ் அப்படியே இருக்க வேண்டும் என்றால் லினக்ஸை வெளி எஸ்எஸ்டியில் நிறுவுங்கள். பென் டிரைவில் வேண்டாம், தொடர்ந்து எழுதும்போது திணறும். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வெளி டிஸ்கைத் தேர்ந்தெடுத்தாலும் நிறுவும் மென்பொருள் தன் பூட் கோப்புகளை (கணினியைத் தொடக்கி வைப்பவை) உள் டிஸ்கில் எழுதிவிடலாம். பிறகு அந்த எஸ்எஸ்டியை வேறு லப்டொப்பில் செருகினால் திறக்காது. நிறுவும் நேரத்தில் மட்டும் உள் டிஸ்கைக் கழற்றி வைப்பது, அல்லது பயாஸில் முடக்கி வைப்பது பாதுகாப்பு.

இனி சத்தம் வெட்டும் கதை. இணையத்தில் இதைப் பற்றிப் படிப்பவர்கள் எல்லோரும் சத்தம் கணினிக்குள் போய்த் திரும்பி வரும் தாமதத்தைக் குறைக்கவே அலைகிறார்கள். பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துணுக்கின் அளவு) 64க்கு இறக்கி, பழைய லப்டொப்பை மூச்சுமுட்ட வைத்து, பிறகு வெட்டுகிறது என்று முறைப்பாடு. களப் பதிவுக்கு அது தேவையே இல்லை. பாடுபவர் தன் குரலைக் கணினி வழியாகக் கேட்க வேண்டியதில்லை. இன்டர்பேஸின் நேரடிப் பொத்தானை அழுத்தினால் ஹெட்போனில் தாமதமின்றிக் கேட்கும். ஆகவே தோட்டத்தில் 48,000 ஹெர்ட்ஸ், பஃபர் 1024 என்று வையுங்கள். கணினிக்கு 21 மில்லி செக்கன் அவகாசம் கிடைக்கிறது, வெட்டு பெரும்பாலும் நின்றுவிடும். கீபோர்டால் கணினிக்குள் இருக்கும் வாத்தியத்தை வாசிக்கும்போதுதான் தாமதம் கையை இடறும். அதை வீட்டில், 128இல் வைத்துச் செய்யுங்கள்.

ஆர்டரைத் திறக்கும்போது ஒலி அமைப்பு எது என்று கேட்கும், லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான ‘அல்சா’வைத் தேர்ந்தெடுங்கள். கருவி வேறு எதன் பிடியிலோ இருக்கிறது என்று மறுத்தால், டெஸ்க்டொப்பின் சத்தத்தைக் கையாளும் பைப்வயர் அதைப் பிடித்திருக்கிறது என்று பொருள். டெஸ்க்டொப்பின் ஒலி அமைப்பில் அந்த இன்டர்பேஸின் புரொபைலை ‘ஓஃப்’ ஆக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். வைஃபை, ஸ்கிரீன் சேவர், தானாகத் தூங்கும் அமைப்பு மூன்றையும் நிறுத்துங்கள். மின்சிக்கன நிலையை ‘பெர்போமன்ஸ்’ ஆக்குங்கள். ஒவ்வொரு டிரக்குக்கும் (தனித்தனி ஒலித் தடத்துக்கும்) பதிவுக்கு முன்பே பெயர் வையுங்கள். ஆர்டர் அந்தப் பெயரில்தான் கோப்புகளை எழுதும், பெயர் வைக்காவிட்டால் பிறகு எது உடுக்கு, எது தப்பு என்று தேடவேண்டும்.

ஏற்கெனவே பதிந்ததன் மேல் புதிதாகப் பாடும்போது குரல் சற்றுப் பின்னே விழுந்தால், ஆர்டரின் ஓடியோ அமைப்பில் ‘கலிபிரேட்’ இருக்கிறது. இன்டர்பேஸின் வெளியீடு 1ஐ உள்ளீடு 1இல் ஒரு கேபிளால் இணைத்து அளக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் எண்ணை ஏற்றுக்கொண்டால் பிறகு தானே சரிசெய்துகொள்ளும். பஃபரை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

தப்புக்கு வருவோம், பொறுமை வேண்டியது இங்கேதான். தோலை நெருப்பில் காய்ச்சியதும் சுருதி ஏறி நிற்கும். பனியில் ஆறத் தொடங்கியதும் இறங்கும். அரை மணி நேரம் ஒரே மூச்சில் பதிந்தால் தொடக்கமும் முடிவும் இரண்டு வாத்தியம் போலக் கேட்கும், வெட்டி ஒட்ட முடியாது. காய்ச்சிய உடனே சிறு சிறு பகுதியாக எடுங்கள், இடையில் மீண்டும் காய்ச்ச விடுங்கள். வாசிப்பவருக்கே அது தெரியும், நீங்கள் அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.

மைக்கை இடுப்பு உயரத்தில், ஒன்று முதல் ஒன்றரை மீற்றர் தள்ளி, தோலின் நடுவுக்கு நேராக வைக்காமல் சற்றுச் சரித்து வையுங்கள். நேராக வைத்தால் சிம்புக்குச்சியின் (தப்படிக்கும் மெல்லிய குச்சி) கீச்சொலி காதைக் குத்தும். மிகப் பலமான அடியே மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி உள்ளீட்டைக் குறையுங்கள். ஒத்திகையில் மெதுவாக அடிப்பவர் கூத்து சூடுபிடித்ததும் இரட்டிப்பாக அடிப்பார். சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்தால் அந்த அடி கெட்டதுதான், எந்த மென்பொருளும் அதை முழுதாக மீட்காது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம். பாடுபவரைத் தப்பிலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி உட்காரவைத்து, அவரது மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள்.

இடம்? லயத்து இஸ்தோப்பு (முன் விறாந்தை) எதிரொலிக்கும். பிள்ளை மடுவமோ (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) கோயில் மண்டபமோ கிடைத்தால் பாடுபவரின் பின்சுவரில் இரண்டு கம்பளியைத் தொங்கவிடுங்கள். மழை தகரத்தில் விழத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள், அதை வடிகட்ட வழியில்லை. அட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை பகல் பதிவே சந்தேகம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியிலும் ஜனவரியிலும் அதே நிலை. காமன் கூத்து மாசியில் வருவது நமக்கு வசதிதான்.

‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். பழைய லயங்களில் எர்த் சரியாக இருப்பதில்லை. பெரும்பாலும் அதோடு போய்விடும், ஆகவே பற்றரியில் பதிவதே நல்லது. யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லப்டொப் என்றால் 20,000 எம்ஏஎச், 65 வொட் பவர் பேங்க் உதவும். அதில் 74 வொட்-மணி இருக்கும். இழப்பு போக, 15 வொட் எடுக்கும் லப்டொப்புக்குச் சுமார் நான்கு மணி நேரம். உருண்டைப் பின் சார்ஜர் உள்ள பழையவற்றுக்கு இது பயன்படாது. கோயில் ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து வயர் எடுத்தால் நடுவில் டிஐ பெட்டி (மிக்சரின் சத்தத்தை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) ஒன்று வையுங்கள், இன்டர்பேஸில் 48 வோல்ட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் முன் அரை நிமிடம் யாரும் பேசாமல் வெறுமையைப் பதியுங்கள். ஓடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்த மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அதுதான் மாதிரி. அளவோடு குறையுங்கள், அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். அதன் பிறகு, பாடுபவர் பெயர், தோட்டம், டிவிஷன், தேதி ஆகியவற்றை வாயால் சொல்லிப் பதியுங்கள்.

கலவையில் குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஆர்டருக்குள் சேர்த்துக்கொள்ளும் எல்எஸ்பி என்ற இலவசச் செருகுநிரல்களில் அதற்கான ஈக்வலைசர் இருக்கிறது. தப்பு வாசிப்பு வேகம் ஏறி இறங்கும், அதை மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் இழுத்துச் சமப்படுத்த முயலாதீர்கள். கூத்தே செத்துப்போகும். வயதானவர் பாடிய சுருதி கீபோர்டோடு சேராவிட்டால் கீபோர்டின் டியூனிங்கை அவர் பக்கம் நகர்த்துங்கள், அவர் குரலைத் திருத்த வேண்டாம். யூடியூபுக்கு ஏற்றுமதி செய்யும்போது சத்த அளவு மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) போதும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டொகுமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

இரண்டு டிரக் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.4 ஜிபி எடுக்கும். பிரதி எடுக்கும்போது செஷன் கோப்பை மட்டுமல்ல, அந்த முழு போல்டரையும் எடுங்கள். ஒலி எல்லாம் ‘இன்டர்சேஞ்ச்’ என்ற உள் போல்டரில்தான் இருக்கிறது. பஸ் ஏறுவதற்கு முன் இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதி, அது வேறொருவர் பையில்.