அந்த ஆறு எண்களைத் தொடாதீர்கள்

கேள்வி: பூம்பாறைக்குப் பக்கத்தில் மலைப்பூண்டு விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. கொழுந்தனார் சொன்ன யோசனையில் யூடியூபில் சமையல் சேனல் தொடங்கினோம். விறகடுப்பு, சமையல், பேச்சு எல்லாம் நான். கேமராவும் எடிட்டிங்கும் அவர். அப்போது என்னிடம் பான் கார்டு இல்லாததால் கூகுள் கணக்கும் வங்கிக் கணக்கும் என் ஓரகத்தி பெயரில் போடப்பட்டன. செல்போன் எண் மட்டும் என்னுடையது. வரும் பணத்தில் பாதி எனக்கு என்று வாய்ப்பேச்சு. 14 மாதம் ஒழுங்காக வந்தது. திருவிழாவில் நடந்த மனத்தாங்கலுக்குப் பிறகு பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். மூன்று மாதம் 5,000 ரூபாய் வீதம் அனுப்பினார்கள், பிறகு அதுவும் நின்றது. இப்போது ஒரு முத்திரைத்தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார்கள். என் எண்ணுக்கு வரும் குறியீட்டை வைத்து ஒரே நிமிடத்தில் சேனலைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். செய்யலாமா?

பதில்: உங்கள் கடிதம் ஒன்பது பக்கம். அதில் எட்டரைப் பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டேன், வருத்தப்படாதீர்கள். பனியில் நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டியது, புகையில் கண் எரிந்தது, மாமியார் சின்ன மருமகள் பக்கம் சாய்ந்தது, குழந்தை வேலப்பர் கோயில் தேர் வீடியோவில் உங்கள் பெயரை விட்டது, இவையெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். நீதிமன்றத்தில் இவற்றுக்கு ஒரு ரூபாய் மதிப்பு கிடையாது.

மதிப்புள்ள செய்தியை எட்டாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 14 மாதமும் ஓரகத்தி கூகுள் பேயில் பணம் அனுப்பும்போது குறிப்பில் ‘பாதி’ என்று எழுதினார். கடைசி மூன்று மாதம் மட்டும் ‘சம்பளம்’ என்று எழுதினார். உங்கள் வழக்கு முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

பங்காளித் தொழிலுக்குப் பத்திரம் தேவையில்லை. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, லாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டு சேர்ந்து தொழில் செய்தாலே போதும். பதிவு செய்யாத கூட்டு என்றால் வழக்கே போட முடியாது என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். பாதி உண்மை. 69-ஆம் பிரிவு பல கதவுகளை அடைத்தாலும், கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு, வேலையாள் ஊதியமாக லாபத்தில் ஒரு பகுதியைப் பெற்றால் அதனால் மட்டும் அவர் பங்காளி ஆகிவிட மாட்டார் என்றும் சொல்கிறது. ‘சம்பளம்’ என்ற சொல் அங்கேதான் உங்களைத் தள்ளப் பார்க்கிறது. உங்களைச் சம்பள ஆளாகக் காட்டிவிட்டால், நீங்கள் செய்து கொடுத்ததெல்லாம் முதலாளிக்கே சொந்தம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவையும் துணைக்கு அழைப்பார்கள். அந்தச் சொல்லை ஓரகத்தி தாமாக எழுதினார் என்று நான் நம்பவில்லை. கீழே எங்கேயோ ஒரு வக்கீல் ஆலோசனைக் கட்டணம் வாங்கியிருக்கிறார்.

நீங்கள் மூன்று மாதமும் பேசாமல் வாங்கிக்கொண்டீர்கள். அதை இன்றே சரிசெய்யுங்கள். கொழுந்தனார், ஓரகத்தி இருவருக்கும் ஒரே வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: “நீங்கள் அனுப்பிய 15,000 ரூபாயை என் பாதிப் பங்கில் ஒரு பகுதியாக மட்டுமே வரவு வைத்திருக்கிறேன். நான் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. மீதிக்குக் கணக்கு தரவும்.” அவ்வளவுதான். தேர் வீடியோவைப் பற்றி அதில் ஒரு சொல்கூட வேண்டாம்.

இனி மகன் சொல்லும் ஒரு நிமிட வேலைக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எண் உங்களுடையதுதான். கணக்கு உங்கள் பெயரில் இல்லை. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்தி, உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டு நீங்கள் உள்ளே நுழைந்த அதே நொடியில், புதிய கருவியில் நுழைவு நடந்திருக்கிறது என்று நேரத்தோடு ஓரகத்திக்கு மின்னஞ்சல் போகும். மறுநாள் காலை அதை அச்செடுத்துக்கொண்டு அவர்கள் திண்டுக்கல் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நிற்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவோடு 66-ஐச் சேர்த்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறருடைய கடவுச்சொல்லை நேர்மையற்ற முறையில் பயன்படுத்தியதாக 66சி-யையும் சேர்ப்பார்கள். அதற்கும் மூன்று ஆண்டு வரை.

“நானும் பங்காளி, அது என் சொத்தும்கூட, நேர்மையற்ற நோக்கம் எனக்கு இல்லை” என்று வாதாடலாம். நல்ல வாதம். வாதாட நான் தயார். ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு, குற்றப்பத்திரிகை வந்த பிறகு, வாய்தா வாய்தாவாக மலையிறங்கி ஏறிய பிறகு வாதாடும் வாதம் அது. ஜாமீனில் வரக்கூடிய குற்றங்கள்தான், சிறைக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. போனைத் தட்டப்போவது உங்கள் மகன். அப்படியானால் வழக்கில் முதல் எதிரி, அதாவது முதல் குற்றம்சாட்டப்பட்டவர், அவன், நீங்கள் இரண்டாம் எதிரி. படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது காவல்துறைச் சரிபார்ப்புப் படிவத்தில் ‘நிலுவையில் குற்ற வழக்கு உண்டா’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அவன் என்ன எழுதுவான்?

இன்னொரு முடிச்சு இருக்கிறது. இதை வக்கீல்களே பல நேரம் கவனிப்பதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் குற்றங்களில் மூன்றாண்டு வரை தண்டனை உள்ளவற்றை இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ள 77ஏ பிரிவு இடம் தருகிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் அந்த வழி கிடையாது. கணக்கு யார் பெயரில் இருக்கிறது? ஓரகத்தி பெயரில். நாளைக்கே நீங்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுது ராசியாகிவிட்டாலும் கீழ் நீதிமன்றத்தில் வழக்கைச் சமரசமாக முடிக்க முடியாது. ரத்து செய்யச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும். அதற்கொரு செலவு, அதற்கொரு காத்திருப்பு.

என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் தன் நண்பரோடு நடத்திய சேனலுக்குள் ராத்திரி நுழைந்து நண்பரின் அனுமதியை நீக்கினார். அதுவரை அவர் பக்கம் வலுவாக இருந்தது, நண்பர் பேச்சுவார்த்தைக்கே இறங்கி வந்திருந்தார். மறுவாரம் எல்லாம் தலைகீழ். “கணக்குக் கேட்பதை விடு, புகாரை விடுகிறேன்” என்று பேரம் வந்தது. தனக்கு வரவேண்டிய பணம் முழுவதையும் விட்டுக்கொடுத்து அவர் வெளியே வந்தார்.

இதே வகையில் இரண்டாவது தவறு, வீடியோக்கள் மீது யூடியூபில் பதிப்புரிமைப் புகார் கொடுப்பது. எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால், நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதற்கான ஆதாரத்தைப் பத்து வேலை நாளுக்குள் நீங்கள் காட்ட வேண்டும், இல்லையென்றால் வீடியோ திரும்ப வந்துவிடும். அவர்கள் மறுக்காமல் இருந்து, 90 நாளில் மூன்று புகார் நிலைத்துவிட்டாலோ சேனலே போய்விடலாம். பங்கு பிரிக்கக் கறவை மாட்டை அறுத்த மாதிரி ஆகிவிடும். அதோடு வீடியோவின் உரிமை உங்களுடையது என்பதும் அவ்வளவு தெளிவாக இல்லை. படத்தின் ஆக்கியோன் அதன் தயாரிப்பாளர், அதாவது முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். யோசனை கொழுந்தனாருடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் கையில் உள்ள நல்ல சீட்டு வேறு. பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு. அந்த வரையறையில் நடிகர், பாடகரோடு பாம்பாட்டிக்கும் கழைக்கூத்தாடிக்கும்கூட இடம் கொடுத்திருக்கிறார்கள், விரிவுரை ஆற்றுபவரும் இருக்கிறார். அடுப்புக்கு முன்னால் நின்று அரைமணி நேரம் பேசிக்கொண்டே சமைத்துக் காட்டுபவர் அதில் வரமாட்டார் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. 38ஏ பிரிவுப்படி, நிகழ்த்துநர் எழுத்துமூலம் சம்மதித்தால்தான் தயாரிப்பாளரின் பயன்பாட்டை எதிர்க்கும் உரிமையை இழக்கிறார். அப்போதும் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு. நீங்கள் இதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

அதனால்தான் அந்த முத்திரைத்தாள் வந்திருக்கிறது. அதன் நகலை மூன்று முறை படித்தேன். முதல் பத்தியில் உங்கள் எழுத்துமூலச் சம்மதத்தை முன்தேதியிட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டாம் பத்தியில் நீங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு எந்தச் சமையல் சேனலும் நடத்தக்கூடாது. “தொழில் செய்யத் தடைபோடும் ஒப்பந்தம் எப்படியும் செல்லாது, போட்டுக் கொடுத்துவிட்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று உங்கள் ஊர்ப் பெரியவர் சொன்னாராம். ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவை அவர் கேள்விப்பட்டிருக்கிறார், விதிவிலக்கைக் கேள்விப்படவில்லை. பங்காளிகள் பிரியும்போது, காலவரம்போ இட வரம்போ வைத்து நியாயமான அளவில் போட்டுக்கொள்ளும் தடை செல்லும். கூட்டாண்மைச் சட்டம் 36, 54 பிரிவுகளைப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், பங்காளி என்று நீங்கள் வாதாடி ஜெயித்தால், அந்த வெற்றியே இந்தத் தாளுக்கு உயிர் கொடுக்கும். கையெழுத்துப் போடாதீர்கள். கிழித்தும் போடாதீர்கள், அது நமக்கு ஆவணம். அவர்களே உங்களைப் ‘பங்கிலிருந்து விலகுபவர்’ என்று அதில் எழுதியிருக்கிறார்கள். சம்பளக்காரிக்கு ஏது பங்கு?

ஆதாரம் பற்றி ஒன்றே ஒன்று. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோம் என்று போனை மாற்றிவிடாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழ் இல்லாமல் அச்சுப்பிரதி நிற்காது, அந்தச் சான்றிதழுக்கு மூலக் கருவி இருப்பது நல்லது. வங்கிக் கிளையில் முத்திரையிட்ட கணக்கு அறிக்கையும் வாங்கிவையுங்கள். கூகுள் பெரும்பாலும் மாதத்தின் 21-க்கும் 26-க்கும் இடையில் பணம் அனுப்பும். உங்களுக்கு அடுத்த ஓரிரு நாளில் ‘பாதி’ வந்திருப்பதை அதன் பக்கத்தில் வைத்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வழக்குப் போடாதீர்கள் என்கிறேன். பதிப்புரிமை வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே நடக்காது. உங்களுக்கு அது திண்டுக்கல். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் பஸ் பிடித்து, கொடைக்கானலில் மாறி, வத்தலக்குண்டு இறங்கி, பதினோரு மணிக்குள் போய் நின்றால் “நீதிபதி விடுப்பு” என்பார்கள். பூண்டு எடுக்கும் நேரத்தில் இரண்டு ஆள் கூலி போயிற்று. கோரிக்கை 3 லட்சத்தைத் தாண்டினால், அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவரை, வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ எப்படியும் உங்களை முதலில் சமரச மையத்துக்குத்தான் அனுப்பும். இதற்குள் நீங்கள் இல்லாத சேனலை யாரும் பார்க்க மாட்டார்கள். தீர்ப்பு வரும்போது பிரிக்க ஒன்றும் இருக்காது.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கு இலவச சட்ட உதவிக்கு வருமான வரம்பு கிடையாது. லோக் அதாலத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. அந்தப் பழைய சேனலை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பதிலுக்கு, நின்றுபோன மாதங்களின் பாதியையும், பழைய வீடியோக்களுக்கு ஒரு மொத்தத் தொகையையும், உங்கள் முகத்தையும் குரலையும் வெட்டி ஒட்டிப் புதிதாக எதுவும் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையையும் கேளுங்கள். உங்கள் புதிய சேனலின் இணைப்பை ஆறு மாதம் பழைய சேனலின் முகப்பில் வைக்கச் சொல்லுங்கள். தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சமையல் குறிப்புக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது, அதே ரசத்தை அதே அடுப்பில் மறுபடி வைக்கலாம். சேனலின் பெயரை மட்டும் மாற்றுங்கள்.

ஆனால் வரிசை முக்கியம். கூட்டைக் கலைப்பதாக எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் புதிய சேனல். அதற்கு முன் தொடங்கினால், போட்டித் தொழில் செய்த பங்காளி என்று உங்கள் வருமானத்துக்கே அவர்கள் கணக்குக் கேட்பார்கள். கலைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் காலவரம்பு. பான் கார்டு இந்த முறை உங்களுடையதாக இருக்கட்டும், பழைய பாதிக்கு வருமான வரிக் கணக்குக் காட்டினீர்களா என்ற கேள்விக்கும் ஒரு பதிலோடு போங்கள். நிச்சயம் கேட்பார்கள்.

மகனிடம் ஒரு வேலை கொடுக்கலாம். அந்த எண்ணின் சிம்முக்கு மறக்காமல் ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கச் சொல்லுங்கள். சேனல் தொடங்கிய நாளில் உங்கள் எண்ணுக்கு வந்த கூகுள் குறுஞ்செய்தி இன்னும் அந்தப் போனில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் அழித்துவிட வேண்டாம்.