கடல் ஏன் குளிர்கிறது? உப்புவெளிக் கரையிலிருந்து ஒரு கேள்வி பதில்

பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். விடியற்காலையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள உப்புவெளியில் கொஞ்சம் நீந்துவேன். கடற்குளிப்பையும் குளிரையும் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

கேள்வி (சாம்பல்தீவு): விடிய இறங்கினால் கடல் வெதுவெதுப்பாக இருக்கிறது. மத்தியானம் வெயில் கொளுத்தும்போது இறங்கினால் சில்லென்று இருக்கிறது. பகலில் கடல் குளிர்ந்துவிடுமா சேர்?

பதில்: கடல் குளிரவில்லை தம்பி, நீங்கள்தான் சூடாகிவிட்டீர்கள். ஆய்வுகூட வெப்பமானி ஒன்றை நூலில் கட்டி இறக்கிப் பார்த்திருக்கிறேன். ஆனி மாதத்தில் ஒரு நாள், விடிய ஐந்தரைக்குக் காற்று 26 பாகை, கடல் 28. மத்தியானம் காற்று 35, கடல் 29. நாள் முழுக்க எரித்த வெயில் ஏற்றியது ஒரே ஒரு பாகை. ஒரு கன மீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்குகிற வெப்பம், 3000 கன மீற்றருக்கும் அதிகமான காற்றை ஒரு பாகை சூடாக்கிவிடும். கடலின் பொறுமை அப்படி.

விடியக் காற்றில் நின்ற தோல் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். நீரில் இறங்கும்போது வித்தியாசம் சின்னது. மத்தியானம் சுடுமணலில் நடந்து வந்த தோல் 35 பாகையைத் தொட்டிருக்கும், அது 29க்குள் ஒரேயடியாகப் போகிறது. தோலுக்குப் பாகை வாசிக்கத் தெரியாது. தன்னிடமிருந்து சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்றுதான் தெரியும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் விடிய இளஞ்சூடாகவும் மத்தியானம் குளிராகவும் தெரிவதும் இதனால்தான்.

கேள்வி (அன்புவழிபுரம்): வீட்டுக்குள் 28 பாகை என்றால் வியர்க்கிறது. கடலிலும் அதே 28தானே, பிறகு ஏன் கொடுகுகிறது?

பதில்: நல்ல கேள்வி. நாளை விடிய எழும்பியதும் ஒரு காலை, இரவு யாரும் படுக்காத பாயிலும் மற்றக் காலைச் சீமெந்துத் தரையிலும் வையுங்கள். பாயும் தரையும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான். ஆனால் சீமெந்து குளிரும், பாய் குளிராது. சீமெந்து காலிலிருந்து சூட்டை விரைவாக இழுக்கிறது, பாய் இழுக்கவில்லை. காற்று பாய் மாதிரி. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

சும்மா இருக்கும்போது நம் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது, பழைய குமிழ் விளக்கு ஒன்றைப் போல. 28 பாகைக் காற்றில் அது வெளியேற வழி தேடித் திணறும். 28 பாகை நீரிலோ உண்டாவதைவிட வேகமாகப் போய்விடும். அசையாமல் கிடக்கிறவருக்குக் குளிரும் சூடும் தெரியாமலிருக்க நீர் 33 முதல் 35 பாகை வரை இருக்க வேண்டும்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். அலையில்லாத நாளில் மார்பளவு நீரில் ஆடாமல் நில்லுங்கள். இரண்டு நிமிடத்தில் குளிர் அடங்கிவிடும். தோலை ஒட்டிய நீர் மெல்லிய படலமாக உங்கள் சூட்டை வாங்கி வைத்திருக்கும். அப்புறம் ஒரு கையை மட்டும் விசுக்குங்கள். படலம் உரிந்துபோய், அந்தக் கை மட்டும் திரும்பவும் சில்லிடும்.

கேள்வி (கிண்ணியா): நாங்க பாலத்தடியில பாய்ந்து குளிக்கிற ஆக்கள். வாப்பா மெல்ல இறங்கச் சொல்றார். எது சரி?

பதில்: குளிரைப் பொறுத்தவரை இரண்டும் சரி. மெல்ல இறங்கினால் முழங்கால், தொடை, வயிறு என்று ஒவ்வொரு அங்குலத்துக்கும் தனித்தனியாகத் தண்டனை. வயிறும் முதுகும் கைகால்களைவிடக் குளிரை அதிகம் உணரும். தொப்புளில் தண்ணீர் பட்டதும் எல்லோரும் ஒரு சத்தம் போடுவது அதனால்தான். பாய்ந்தால் ஒரே அடியில் முடிந்துவிடும். ஆனால் ஆழம் பார்க்காமல் பாய வேண்டாம். வாப்பா பயப்படுவது குளிருக்கு அல்ல.

கேள்வி (ரொறொன்ரோ, பிறந்தது திருக்கடலூர்): ஊரில் மணிக்கணக்காக நீந்தினவன் நான். இங்கே ஏரியில் வைகாசி மாதம் குதித்து மூச்சு நின்றுபோகப் பார்த்தது. வயதா அண்ணை?

பதில்: வயதில்லை. ஏறக்குறைய 15 பாகைக்குக் கீழே உள்ள நீர் வேறு விளையாட்டு. திடீரென்று குளிர்ந்த தோல், கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்க வைக்கும். அந்த நேரம் முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். பிறகு மூச்சு தாறுமாறாக வாங்கும், இதயம் அடித்துக்கொள்ளும். மிகக் குளிர்ந்த நீருக்குக் கனடாவில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப 1 மணித்தியாலம். குளிரில் விறைத்துச் சாவதற்கு முன்பே நீந்த முடியாமல் மூழ்குகிறவர்கள்தான் அதிகம். நல்ல நீச்சல்காரருக்கும் இதே கதி. அங்கே குதிக்காதீர்கள், மெல்ல இறங்குங்கள், மூச்சு சீரானபின் நீந்துங்கள். கிண்ணியாத் தம்பிக்குச் சொன்னதை நீங்கள் எடுக்க வேண்டாம்.

கேள்வி (பாலையூற்று): உடம்பில் எண்ணெய் பூசினால் குளிராதாமே?

பதில்: நல்லெண்ணெய்ப் பூச்சு ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட வராது. அது சூட்டைப் பிடித்து வைக்காது. நெடுந்தூரம் நீந்துகிறவர்கள் கொழுப்புப் பூசுவது முக்கியமாகக் கமக்கட்டும் கழுத்தும் உப்பில் உரசிப் புண்ணாகாமல் இருக்கத்தான். காப்பாற்றுவது தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பு.

நெடுந்தூர நீச்சல் என்றதும் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் நினைவுக்கு வருகிறார். 1971இல் பாக்கு நீரிணையைப் போய்த் திரும்பி நீந்தியவர். அவருக்கு முன்பு 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி அந்த நீரிணையைக் கடந்தார். ஆனந்தன் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் இறங்கி, அந்த முயற்சியிலேயே உயிரிழந்தார். பாக்கு நீரிணை நம் கடலைப் போலவே வெதுவெதுப்பு. ஆங்கிலக் கால்வாய் நல்ல கோடையிலும் 15 முதல் 18 பாகைதான். தூரத்தை மட்டும் பார்த்தால் அது பாக்கு நீரிணையைப் போல ஒரு கடல்தான். இறங்கும் உடம்புக்கு அப்படியில்லை.

கேள்வி (தம்பலகாமம்): கன்னியாவில் குளித்துவிட்டு நேரே நிலாவெளிக்குப் போனோம். கடல் ஐஸ் மாதிரி இருந்தது.

பதில்: மேலே சாம்பல்தீவுத் தம்பிக்குச் சொன்னதுதான். வெந்நீர்க் கிணற்றில் வாளி வாளியாக ஊற்றிச் சூடேறிய தோல். 1690இலேயே ஆங்கிலேயத் தத்துவஞானி ஜோன் லொக் எழுதியிருக்கிறார்: ஒரே நீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் தெரியலாம் என்று.

கேள்வி (திருகோணமலை நகர்): சுவாமி மலையடியில் சுழியோடும்போது ஓரிடத்தில் கோடு போட்டது போல் குளிர் ஆரம்பிக்கிறது. வெட்சூட்டும் (சுழியோடிகள் போடும் இறப்பர் உடை) உதவவில்லை.

பதில்: அந்தக் கோடு உண்மைதான். வெயில் பட்ட இலேசான நீர் மேலே மிதக்கும், காற்றும் அலையும் அதை மட்டும் கலக்கும். கீழே கனத்த குளிர்நீர். நம் கடலில் ஆழப் பள்ளத்தாக்கு கரைக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். வெட்சூட் சூட்டைப் பிடிப்பது அதிலுள்ள நுண்ணிய வாயுக் குமிழிகளால். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்காகும், குமிழிகள் நசுங்கும், சூட் மெலியும். குளிர் கூடுகிற இடத்தில்தான் அது கைவிடும்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாமாம்): கொஞ்சம் போட்டுவிட்டு இறங்கினால் குளிர் தெரியாதே?

பதில்: தெரியாது. இரத்தம் தோலுக்கு ஓடி வருவதால் சூடு மாதிரி இருக்கும், அந்தச் சூடு முழுக்கக் கடலுக்குப் போகும். வெறியில் கடலுக்குள் போகாதீர்கள்.

கேள்வி (குச்சவெளி): கடலுக்குள் இருக்கிற வரை ஒன்றுமில்லை. வெளியே வந்து கச்சான் காற்றுப் பட்டதும் என் மகனுக்கு உதடு நீலமாகிவிடுகிறது. காற்று சுடுகாற்றுத்தானே?

பதில்: சுடுகாற்று, ஆனால் வறண்ட காற்று. உடம்பில் ஒட்டியிருக்கும் நீரை அது ஆவியாக்கும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2400 யூல் வெப்பம் வேண்டும். அதில் ஒரு பங்கு தோலிலிருந்துதான் போகும். மண் பானை தண்ணீரைக் குளிரவைக்கிற வித்தை பிள்ளையின் முதுகில் நடக்கிறது. சின்னப் பிள்ளைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோற்பரப்பு அதிகம், அதனால் பெரியவர்களுக்கு முன்பே குளிரும். உதடு நீலமானால் ‘இன்னும் ஒரு தரம்’ என்று அழுதாலும் விடாதீர்கள். வறுத்த கச்சான் வாங்கித் தருகிறேன் என்று கூட்டி வாருங்கள், ஆனால் முதலில் துவாயால் தலையைத் துடைத்துவிடுங்கள்.