பாய்க்கு எமன் வெயில்தான்: கேள்வி பதில்

சென்னையில் படகுப் பாய் தைத்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் லாரித் தார்ப்பாய் தைப்பவர் பதில் சொல்கிறார்.

ஓசூர்: நண்பர்கள் சேர்ந்து பாய்மரப் படகு வாங்கி சென்னையில நிறுத்தியிருக்கோம். எப்பவாவதுதான் போக முடியுது. மெயின்செயிலை, அதான் பெரிய பாயை, அதோட அடியில படுக்கையா இருக்கிற பூம் கம்பு மேலயே மடிச்சு வச்சுடலாமா?

வைக்கலாம், உறை போட்டா. பாய்த்துணி டேக்ரான்ங்கிறது பாலியஸ்டர்தான். காத்துல கிழியறதை விட வெயில்ல இத்துப்போறதுதான் அதிகம். அதுலயும் துணிக்கு முன்னாடி நூல் போயிடும். தையல் நூல் துணி மேல தூக்கிக்கிட்டு இருக்கு, வெயில் நேரா அதுல விழுது. கட்டைவிரல் நகத்தால தையலை அழுத்திக் கீறிப் பாருங்க. பொட்டுப் பொட்டுன்னு விட்டா மறுதையல் போட்டே ஆகணும். துணி பளபளன்னு இருக்கேன்னு ஏமாறாதீங்க.

உறைக்கு அக்ரிலிக் கான்வாஸ் எடுங்க. சாயம் இழைக்குள்ளயே ஏறியிருக்கும், சீக்கிரம் வெளுக்காது. ஆவியும் வெளிய போகும். அடிப்பக்கம் இறுக்கி மூடாம விடுங்க, தண்ணி வடியணும். பாயை மேல ஏத்துற ஹாலியார்டு கயித்தைப் பாயோட தலையிலிருந்து கழட்டி, பாய்மரத்துல அடிக்காதபடி தள்ளிக் கட்டுங்க. பாயை நல்ல தண்ணியில அலசி, காயவச்ச பிறகுதான் உறை. ஈரத்தோட மூடினா பூஞ்சைக் கறை. அப்புறம் எதைப் போட்டுத் தேய்ச்சாலும் முழுசாப் போகாது.

அக்டோபர் வந்ததும் பாயையும் உறையையும் கழட்டி உள்ள வச்சுடுங்க. புயல் எச்சரிக்கை வரட்டும்னு இருந்தா, ஓசூர்லேர்ந்து சுமார் 300 கிலோமீட்டர் ஓடணும். புயல் காத்து முதல்ல உறைக்குள்ளதான் புகும், அப்புறம் பாயை உருவிடும்.

தருமபுரி: உறைக்குப் பதிலா நீலத் தார்ப்பாய் சுத்தினா போதாதா?

போதாது. உள்ள வேர்க்கும், காத்து போகாது. நம்ம வெயில்ல அதுவே செதில் செதிலா உதிரும்.

காவேரிப்பட்டணம்: மச்சான் படகு பாண்டிச்சேரியில நிக்குது. மாங்கா லோடுக்கு வாங்கின நீலத் தார்ப்பாய் மிச்சம் கிடக்கு...

மேல தருமபுரிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

பென்னாகரம்: ஒகேனக்கல் பரிசலுக்கு என்ன உறை போடலாம்?

அது என் வேலை இல்ல. பரிசல் ஓட்டுறவங்க கவுத்துத்தான் வைக்கிறாங்க, அவங்களையே கேளுங்க.

பர்கூர், லாரி ஓட்டினவர்: பாயை மடிக்கணுமா, சுருட்டணுமா?

பூமுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மடிப்பு விழணும். உள்ள இருக்கிற பட்டைக் குச்சி பூமுக்கு இணையாப் படுக்கணும். ஆனா தினமும் ஒரே கோட்டுல மடிக்காதீங்க, அங்கயே துணி முறியும். படலம் ஒட்டின லேமினேட் பாய்னா கழட்டிச் சுருட்டுறதுதான் நல்லது.

பர்கூர் மறுபடி: தப்பு தம்பி. ஒரே கோட்டுல மடிச்சாத்தான் ராத்திரி மழையில அவுக்கும்போது தலை எது, வால் எதுன்னு கை சொல்லும்.

அண்ணே, லாரிக்கு அது நூத்துக்கு நூறு சரி. லோடு நனையறதை விட தார்ப்பாய் ஒரு வருஷம் முன்னாடி போனாப் பரவால்ல. பாய்க்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மடிப்புல முறிஞ்சா காத்துல அதோட வடிவமே கெட்டுப்போகும். தலை எதுன்னு தெரியணும்னா அந்த மூலையில கலர் நாடா ஒண்ணு தைச்சுக்கலாமே.

ஊத்தங்கரை: சுருட்டி வச்சா எலி கூடு கட்டும். அண்ணன் சொல்றதுதான் சரி.

எலி மடிச்சதுலயும் கட்டும்ங்க. தரையில போட்டா எதுலயும் கட்டும். பையில போட்டு உசரத்துல தொங்கவிடுங்க.

பர்கூர்: நாடா மழையில நனைஞ்சா கைக்குத் தெரியாது.

சரி, முடிச்சுப் போடுங்கண்ணே!

கிருஷ்ணகிரி: நீலத்துக்குப் பதிலா பச்சைத் தார்ப்பாய்?

கலர் பிரச்சினை இல்ல தம்பி.

ஓசூர் மறுபடி: பூம்லயே மாட்டியிருக்கிற ஜிப் உறை வாங்கலாமா?

தாராளமா. பாயை இறக்கினதும் அதுக்குள்ளயே விழும், வேலை மிச்சம். பிளாஸ்டிக் பல்லு ஜிப்பாக் கேட்டு வாங்குங்க, உலோகத்தை உப்பு தின்னுடும். அதையும் நல்ல தண்ணியில கழுவணும். இழுத்து மூட மறந்துடாதீங்க. திறந்து கிடந்தா மேல் மடிப்பு முழுக்க வெயில்லதான் காயும்.