அம்மாவின் வாக்கு, அண்ணனின் வாக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வாக்காளர் பட்டியலில் என் பெயர் இன்னும் ஊரில்தான் இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, பெங்களூருக்கு 26. எங்கள் அலுவலகத்தில் 26-ஆம் தேதி மட்டும்தான் லீவு என்று சொல்லிவிட்டார்கள். ஆம்னி பஸ் டிக்கெட் விலையைப் பார்த்ததும் மிச்சமிருந்த ஆசையும் போய்விட்டது. நான் வாக்களிக்கவில்லை.

ஆனால் 86 வயதான என் அம்மா வீட்டில் உட்கார்ந்தபடியே வாக்களித்துவிட்டார். அதிகாரிகள் வந்தார்கள், வீடியோ எடுத்தார்கள், பெட்டியில் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்குக் கை நடுங்கும் என்பதால் சின்ன அண்ணன் பக்கத்தில் நின்று எங்கே குறி போட வேண்டும் என்று காட்டினான். பெரிய அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி சியாட்டிலில் இருக்கிறார். அங்கே எல்லோருக்குமே வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வந்துவிடுமாம். சாப்பாட்டு மேஜையில் வைத்து நிரப்பி அனுப்பிவிடுகிறார்.

இதை இங்கேயும் எல்லோருக்கும் கொடுத்தால் என்ன? வெயிலில் வரிசையில் நிற்க வைப்பதில் அப்படி என்ன புனிதம்?

பெயர் வேண்டாம்,
பெங்களூர்.

*

அன்புள்ள நண்பருக்கு,

வரிசையில் நிற்பதில் ஒரு புனிதமும் இல்லை. சாய்தளம் இல்லாத பள்ளிக்கூடம், ஏப்ரல் வெயில், பட்டியலில் பெயரைத் தேடிக்கொண்டு அலைவது, இவற்றையெல்லாம் ஜனநாயகத் திருவிழா என்று புகழ்கிறவர்கள் பெரும்பாலும் வாசலிலேயே காரில் வந்து இறங்குகிறவர்கள். ஆனால் வரிசையின் முடிவில், வாக்குச்சாவடிக்குள் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு அரை நிமிடம் இருக்கிறது. எனக்கு அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

உங்கள் கடிதத்தில் சின்ன அண்ணன் 'எங்கே குறி போட வேண்டும் என்று காட்டினான்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர் காட்டியது எந்த இடத்தில் என்பதையா, யாருக்கு என்பதையா? உங்கள் அண்ணனைச் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்தவர்களைத் தவிர வேறு யாராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒருவேளை அங்கே இருந்தவர்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்காது.

உங்கள் அம்மாவுக்குக் கிடைத்த வசதி 2019-இல் வந்தது. முதலில் 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் வயதை 85 ஆக்கிவிட்டார்கள். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் தபால் வாக்குக்கான விண்ணப்பமாகப் படிவம் 12டி கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயருக்கு நேரே குறித்துவிடுவார்கள்; அப்புறம் மனசு மாறி வாக்குச்சாவடிக்குப் போனால் அனுமதி இல்லை. பெயர்தான் தபால் வாக்கு, தபால்காரருக்கு இதில் வேலையே கிடையாது. தேர்தல் ஊழியர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர், கையோடு ஒரு அட்டைத் தடுப்பு, பெட்டி என்று ஒரு குட்டி வாக்குச்சாவடியே வீட்டுக்கு வருகிறது. எப்போது வருகிறார்கள் என்று வேட்பாளர்களுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பார்வை இல்லாமலோ உடல் தளர்ந்தோ இருப்பவர் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அந்தத் துணையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் உங்கள் அம்மா. அண்ணனாகப் போய் நின்றாரா, அம்மா கூப்பிட்டு நின்றாரா என்று ஒரு நாள் சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனை பாதுகாப்போடு நடக்கும் ஒன்றிலேயே இந்தக் கேள்வி எழுகிறது. ஒரு தொகுதியின் எல்லா வீடுகளுக்கும் கவரில் வாக்குச்சீட்டு வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊழியரும் கூட வர மாட்டார். வீடியோவும் இருக்காது.

நம் ஊர் தேர்தல் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையமே வாக்குப்பதிவை நிறுத்தியது. நிறுத்தப்படாத இடங்களில் பணம் நடமாடவில்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அப்படியும் பணம் கொடுத்தவர்கள் பல இடங்களில் தோற்கிறார்கள். வாங்கிக்கொண்டு மாற்றிக் குத்துகிறவர்களைப் பிடிக்க வழி இல்லை. வாக்குச்சாவடிக்குள் செல்பேசி கூடாது என்பது படமெடுத்து வந்து காட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். யாருக்குப் போட்டோம் என்று அச்சிட்டுக் காட்டும் வி.வி.பேட் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரிந்துவிட்டு உள்ளே விழுந்துவிடுகிறதே, அதைக் கையில் கொடுக்காததற்கும் அதுவே காரணம். யாருக்குப் போட்டோம் என்பதற்கு ஆதாரமே இல்லாமல் வெளியே வருகிறோம். விற்றவர் சரக்கைக் கொடுத்தாரா என்று வாங்கியவர் பார்க்க முடியாத வியாபாரம் இது. அதனால்தான் முழுமையாக நடக்காமல் இருக்கிறது.

தபாலில் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்தால் மறுநாளே கட்சியின் வட்டச் செயலாளர் வாசலில் நிற்பார். "அக்கா, டிக் பண்ணிட்டீங்களா? கவரை இங்கயே ஒட்டிக் குடுங்க, நாங்களே போஸ்ட் பண்ணிடறோம்." பணம் அதற்குப் பிறகுதான் கைக்கு வரும். வெளியாளை விடுங்கள், வீட்டுக்குள்ளேயே கணவர், மாமியார், மகன் என்று எத்தனை பேர்! குடும்பமே ஒரு கட்சியாக இருக்கும் வீட்டில், ஒரு பெண் வேறு சின்னத்தில் அழுத்திவிட்டு ஒன்றும் நடக்காததுபோல வெளியே வர முடிகிற ஒரே இடம் அந்த அட்டைத் தடுப்பு.

இது நம் ஊரின் சீக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸ் மோசடி பொறுக்காமல் 1975-இல் தபால் வாக்கையே ஒழித்துவிட்டது. அங்கே வர முடியாதவர் தனக்குப் பதில் இன்னொருவரை நியமிக்கலாம். பிரிட்டனில் 2001 முதல் காரணம் சொல்லாமலே யாரும் தபால் வாக்கு கேட்கலாம் என்று ஆக்கினார்கள். 2004 பர்மிங்காம் உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு வார்டுகளில் நடந்த தபால் வாக்கு மோசடியை விசாரித்த நீதிபதி, தேர்தலை ரத்து செய்ததோடு கடுமையான வார்த்தைகளில் வறுத்தெடுத்தார். அமெரிக்காவிலேயே வட கரோலைனாவின் 9-ஆவது தொகுதியில், 2018-இல் ஒரு கட்சிக்காரரின் ஆட்கள் வீடு வீடாகப் போய் வாக்குச்சீட்டுகளை வாங்கிச் சேர்த்தது வெளியே வந்தது. ஜெயித்தவர் என்று யாரையும் அறிவிக்காமல் மறுதேர்தல் நடத்தினார்கள்.

அப்படியானால் உங்கள் பெரிய அண்ணன் செய்வது தப்பா? இல்லை. ஓரிகன் மாநிலத்தில் 1998-இல் மக்களே வாக்களித்து முழுத் தபால் முறையைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் இருக்கும் வாஷிங்டன் மாநிலமும் அதே வழிக்கு வந்துவிட்டது. பெரிய ஊழல் இல்லாமல் நடக்கிறது. கவரின் மேல் போடும் கையெழுத்தை ஏற்கெனவே பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தாவிட்டால் வாக்காளரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வாய்ப்பு தருகிறார்கள். கவர் போய்ச் சேர்ந்ததா என்று இணையத்தில் பார்க்கலாம். தபால் தலைச் செலவும் அரசுடையது. தேர்தல் நாள் முத்திரை இருந்தால் தாமதமாக வந்தாலும் எண்ணுவார்கள், அதனால் முடிவு தெரியப் பல நாள் ஆகும். அதை அங்கே பொறுத்துக்கொள்கிறார்கள். நம் தொலைக்காட்சிகள் காலை 8 மணிக்கே 'தபால் வாக்குகளில் முன்னிலை' என்று ஆரம்பித்துவிடும். நமக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அங்கே தபால் வாக்குக்கு இன்னொரு நியாயம் உண்டு. அவர்களுடைய வாக்குச்சீட்டு நீளமானது. அதிபர், ஆளுநர், நீதிபதி, பள்ளி வாரியம், நாலைந்து மக்கள் தீர்மானங்கள் என்று போகும். வீட்டுக்கு வரும் கையேட்டைப் புரட்டி, யோசித்து, இரண்டு நாள் எடுத்துக்கொண்டு நிரப்புவதில் அர்த்தம் இருக்கிறது. நமக்கு இருப்பது ஒரே ஒரு பொத்தான். அதற்கு மேஜையும் நாற்காலியும் தேவைப்படாது.

சரி, வாக்கு விலை போவது ஒரு பக்கம். தொலைந்து போவது இன்னொரு பக்கம். எனக்கு இது முதலாவதைவிடக் கோபம் தருகிறது, ஏனென்றால் இதில் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மின்னணு இயந்திரத்தில் செல்லாத வாக்கு போடவே முடியாது. தபாலில் அதற்கு நூறு வழி உண்டு. சீட்டை உள்கவரில் வைத்து ஒட்ட வேண்டும். 13ஏ என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, தகுதியுள்ள அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். இரண்டையும் வெளிக்கவரில் வைக்க வேண்டும். உறுதிமொழியைத் தவறி உள்கவருக்குள் வைத்துவிட்டாலோ, சீட்டின் வரிசை எண்ணை மாற்றி எழுதினாலோ போச்சு. எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குள் வந்து சேராவிட்டாலும் போச்சு. வாஷிங்டன்போல யாரும் கூப்பிட்டுத் திருத்தச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கதைதான். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்கில் வென்றார். நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. காரணம், அவற்றில் சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று தேர்தல் அலுவலர் முடிவு செய்தது. அப்பாவு வழக்குப் போட்டார். மூன்று வருடம் கழித்து, 2019 அக்டோபரில், அந்தத் தபால் வாக்குகளையும் இயந்திர வாக்குகளின் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்து அடுத்த தேர்தலும் வந்துவிட்டது. அதில் அப்பாவு ஜெயித்து சபாநாயகராகவும் ஆனார். அந்த 203 பேரை நினைத்துப் பாருங்கள். தேர்தல் வேலைக்குப் போனதால்தான் அவர்கள் தபாலில் வாக்களித்தார்கள். மற்றவர்களின் வாக்கைக் காப்பாற்றப் போனவர்களின் வாக்கு, யார் கையெழுத்துப் போட்டார் என்ற தகராறில் மாட்டிக்கொண்டது.

குஜராத்தில் தோல்கா தொகுதியிலும் இதே கதை. 2017-இல் பூபேந்திரசிங் சூடாசமா ஜெயித்தது 327 வாக்கில், தள்ளப்பட்ட தபால் வாக்கு 429. அவர் அமைச்சராக இருந்தபோதே, 2020-இல், உயர் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாது என்றது. அதற்கும் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. பீகாரின் ஹில்சாவில் 2020-இல் வித்தியாசம் 12 வாக்கு; அங்கும் சண்டை தபால் வாக்கைப் பற்றித்தான். (ஆஸ்திரியா இதையெல்லாம் மிஞ்சிவிட்டது. 2016 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றை, தபால் வாக்குகளைக் கையாண்ட விதத்துக்காக அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. மறுதேர்தலுக்கு அச்சடித்த கவர்களில் பசை ஒட்டவில்லை. அதனால் அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை டிசம்பருக்குத் தள்ளினார்கள்.)

நம் ஆணையமும் மெல்ல மெல்ல இந்தத் தபாலிலிருந்து தபாலைக் கழற்றிக்கொண்டுதான் இருக்கிறது. தேர்தல் பணிக்குப் போகிறவர்கள் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக அனுப்பலாம் என்பது முன்பு. 2023-இல் விதியைத் திருத்தி, அதற்கென அமைத்த வசதி மையத்திலேயே வாக்களித்துவிட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நல்ல மாற்றம். ராணுவத்தினருக்கு மட்டும் தபால் இன்னும் தொடர்கிறது. அவர்களுக்குச் சீட்டை இணையம் வழியாக அனுப்பும் முறையை முதலில் பயன்படுத்தியது 2016-இல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். போவது மின்னல் வேகம். திரும்பி வருவது தபாலில்தான்.

ஆக, படுக்கையில் இருப்பவர், எல்லையில் இருப்பவர், தேர்தல் வேலையில் இருப்பவர் ஆகியோருக்குத் தபால் வாக்கு வேண்டும். அவர்களில் பலருக்கு அது இல்லையென்றால் வாக்கே இல்லை. உங்களையும் என்னையும்போல நடமாடுகிறவர்களுக்குக் கூடாது என்பதே என் கட்சி. வயதை 80-இலிருந்து 85-க்கு ஏற்றியதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 82 வயதில் மூட்டு வலியோடு இருப்பவருக்கு யார் பதில் சொல்வது?

உங்கள் பிரச்சினை வேறு. உங்களால் நடக்க முடியும், ஆனால் வாக்குச்சாவடி 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இதற்கு மருந்து பெங்களூரிலேயே சங்கரன்கோவிலுக்கு ஒரு வாக்குச்சாவடி. ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டு, ஒரே சாவடியில் 72 தொகுதிகளின் வாக்கைப் பதிவு செய்யும் தொலைதூர வாக்கு இயந்திரம் ஒன்றைக் காட்ட முயன்றது. பல கட்சிகள் எதிர்த்தன. 72 தொகுதிக்கும் ஏஜென்ட் போட எந்தச் சின்னக் கட்சியால் முடியும் என்பது நியாயமான கேள்வி. இருந்தாலும் அட்டைத் தடுப்பை வைத்துக்கொண்டு தூரத்தை மட்டும் குறைக்கும் வழி அதுதான். திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களுக்கு உங்களைவிட அது அவசரம்.

அதுவரை இரண்டு விஷயம். உங்கள் அலுவலகம் லீவு தர மறுத்தது சட்டப்படி தவறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவின்படி வாக்குரிமை உள்ள ஊழியருக்கு அவர் வாக்களிக்கும் நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும். வெளியூரில் வேலை பார்ப்பவருக்கும் இது உண்டு என்று ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. மீறினால் அபராதம் 500 ரூபாய் வரை! உங்கள் ஆம்னி பஸ் டிக்கெட்டில் பாதி வருமா?

இன்னொன்று, சட்டம் வாக்காளரை அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பதியச் சொல்கிறது. நீங்கள் குடியிருப்பது பெங்களூரில். அங்கே குப்பை அள்ளவில்லை, தண்ணீர் வரவில்லை என்றால் அவதிப்படுவதும் நீங்கள்தான். ஊரில் பெயர் இருக்கட்டுமே என்ற ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பெயரால் இந்த முறை யாருக்கும் பிரயோஜனம் இல்லை. படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், இணையத்திலேயே செய்யலாம். வேட்புமனு தாக்கல் ஆரம்பித்த பிறகு ஞாபகம் வந்து ஓடாதீர்கள், மனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலை மூடிவிடுவார்கள்.