ஹெல்மெட் கணத்தாக்கைக் குறைக்கிறதா?

கணத்தாக்கு பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். புவியீர்ப்பு முடுக்கத்தை எல்லாக் கணக்கிலும் 10 என்றே வைத்திருக்கிறேன்.

சார், கணத்தாக்கும் கணத்தாக்கு விசையும் ஒன்றுதானே? மாற்றி எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது.

ஒன்று இல்லை தம்பி. மிகக் குறைந்த நேரமே இருந்துவிட்டுப் போகும் மிகப் பெரிய விசை, கணத்தாக்கு விசை. அலகு நியூட்டன். அந்த விசையை அது இருந்த நேரத்தால் பெருக்கினால் வருவது கணத்தாக்கு. அலகு நியூட்டன் விநாடி. பொருளின் உந்தம் (நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது) எவ்வளவு மாறியதோ, அதுவே கணத்தாக்கின் அளவு.

160 கிராம் கிரிக்கெட் பந்து விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வருகிறது. மட்டையில் பட்டு, வந்த வழியே 30 மீட்டர் வேகத்தில் திரும்புகிறது. திசை மாறியதால் இரண்டு வேகத்தையும் கூட்ட வேண்டும்; பலர் கழித்துவிட்டு மதிப்பெண்ணை இழப்பது இங்கேதான். 0.16 × 70 = 11.2 நியூட்டன் விநாடி. பந்தும் மட்டையும் தொட்டிருக்கும் நேரம் சுமார் ஒரு மில்லி விநாடி. அப்படியானால் சராசரி விசை 11,200 நியூட்டன்! பந்தின் எடையோ 1.6 நியூட்டன்தான்.

"ஹெல்மெட் கணத்தாக்கைக் குறைக்கிறது" என்று என் மகன் நோட்டில் எழுதியிருக்கிறான். சரியா?

தவறு அம்மா, இன்றே திருத்தச் சொல்லுங்கள். 5 கிலோ நிறையுள்ள தலை விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போய் மோதி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணத்தாக்கு 30 நியூட்டன் விநாடிதான். வெறும் தலை 2 மில்லி விநாடியில் நின்றால் விசை 15,000 நியூட்டன். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மகோல் அடுக்கு நசுங்கி, அந்த நேரத்தை 8 மில்லி விநாடியாக நீட்டினால் விசை 3,750 நியூட்டன். குறைவது விசை, கூடுவது நேரம். காரில் இருக்கும் ஏர்பேக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நசுங்கிய அடுக்கு பழையபடி எழும்பாது. வெளி ஓடு பளபளப்பாக இருந்தாலும், ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். தாடைப் பட்டையையும் மாட்டச் சொல்லுங்கள். கழன்று போன ஹெல்மெட்டால் ஒரு பயனும் இல்லை.

சுவரில் பட்டுத் திரும்பும் பந்து, ஒட்டிக்கொள்ளும் களிமண் உருண்டை: நிறையும் வேகமும் ஒன்றானால் எதில் கணத்தாக்கு அதிகம்?

பந்தில். உருண்டையை நிறுத்தினால் போதும். பந்தை நிறுத்தியும் ஆக வேண்டும், திருப்பியும் அனுப்ப வேண்டும். நீர்மின் நிலையங்களில் உள்ள பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்கள் நீரைத் திருப்பி அனுப்பும் வடிவில் இருப்பது இதற்காகத்தான்.

மதிலிலிருந்து குதிக்கும் கணக்கில் உடல் எடையைச் சேர்க்க வேண்டுமா? எங்கள் வகுப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நல்ல கேள்வி. 50 கிலோ நிறையுள்ளவர் 1.25 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால், தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 5 மீட்டர், உந்தம் 250. முழங்காலை மடக்காமல் 0.01 விநாடியில் நின்றால் நிகர விசை (தரை மேலே தள்ளும் விசையில் எடையைக் கழித்தது) 25,000 நியூட்டன். எடையான 500-ஐயும் சேர்த்தால் தரை தரும் விசை 25,500. இங்கே எடையை விட்டாலும் பெரிய பிழை இல்லை. முழங்காலை மடக்கி 0.25 விநாடி எடுத்துக்கொண்டால் நிகர விசை 1,000. தரை தருவது 1,500. இதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், விட்டால் விடை தப்பு. இத்தனை நியூட்டனுக்கு மேல் போனால் கணத்தாக்கு விசை என்று எல்லைக்கோடு எதுவும் கிடையாது. கூடவே இருக்கும் மற்ற விசைகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டம்ளர் மேல் அட்டை, அட்டை மேல் நாணயம். அட்டையைச் சுண்டினால் நாணயம் டம்ளருக்குள் விழுவது ஏன்?

உராய்வு விசை அங்கே சிறியது, அது இருக்கும் நேரமும் சிறியது. அதனால் நாணயத்துக்குக் கிடைக்கும் கணத்தாக்கு மிகக் குறைவு. அட்டையை மெதுவாக இழுத்துப் பாருங்கள், நாணயமும் கூடவே வரும்.

மோதும்போது விசை மாறிக்கொண்டே இருக்குமே, எப்படிப் பெருக்குவது?

விசை-நேர வரைபடத்தின் கீழ் உள்ள பரப்புதான் கணத்தாக்கு. அந்தக் கிரிக்கெட் பந்துக்கு வரைபடம் முக்கோணமாக வந்தால், உச்ச விசை சராசரியைப் போல இரு மடங்கு, அதாவது 22,400 நியூட்டன்.