சிறுமூளையில் கட்டி: சின்னக் குழந்தைக்கு ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் வாந்தி. தொக்கம் எடுத்தோம், பூச்சி மருந்து கொடுத்தோம், நிற்கவில்லை. நடை தள்ளாட ஆரம்பித்த பிறகு ஈரோட்டில் ஸ்கேன் எடுத்தோம். சிறுமூளையில் கட்டி, தலைக்குள் நீரும் சேர்ந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு சின்னத் தலையில் கத்தி வைக்க வேண்டாம், மருந்திலேயே கரைக்கலாம் என்கிறார் குழந்தையின் அப்பாரு (தாத்தா). ஆபரேஷன் செய்தால் பழையபடி ஆகிவிடுவாளா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: தள்ளிப்போடாதீர்கள் அம்மா. மூளைநீர் வெளியேறும் குறுகலான பாதை சிறுமூளைக்கு முன்னால் இருக்கிறது. கட்டி அதை அடைத்தால் நீர் தேங்கி, தலைக்குள் அழுத்தம் ஏறும். இரவெல்லாம் படுத்திருக்கும்போது அது இன்னும் கூடுவதால்தான் விடிந்ததும் வாந்தி வருகிறது. வாந்தி எடுத்த கொஞ்ச நேரத்தில் குழந்தை தெளிந்து விளையாடப் போய்விடும், பார்ப்பவர்களுக்கு வயிற்றுக் கோளாறாகவே தோன்றும். உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் இனி அவள் தூங்கி வழிந்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்பாருவின் பயம் நியாயமானதுதான். ஆனால் இந்தக் கட்டியைக் கரைக்கும் மாத்திரையோ கஷாயமோ கிடையாது. ஸ்டீராய்டு மருந்து சுற்றியுள்ள வீக்கத்தைச் சில நாள் குறைக்கும், அவ்வளவுதான். ஆபரேஷன்தான் அழுத்தத்தை இறக்கும். எடுத்த சதையைப் பரிசோதித்தால்தான் என்ன வகைக் கட்டி என்று தெரியும், அது தெரியாமல் அடுத்த சிகிச்சை எதையும் முடிவு செய்ய முடியாது.

குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, பின்மண்டையின் கீழே நடுவில் திறந்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தபடி பல மணி நேரம் செய்வார்கள். மூளைத்தண்டில் ஒட்டிய துணுக்கை வேண்டுமென்றே விட்டுவைப்பதும் உண்டு. அதைச் சுரண்டப்போய் விழுங்கும் சக்தியையோ மூச்சையோ கெடுப்பதைவிட அதுவே நல்லது. எவ்வளவு மீதி என்பதை இரண்டு மூன்று நாளுக்குள் எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள்.

சரி, பழையபடி ஆவாளா? அது கட்டியின் வகையைப் பொறுத்தது. மெதுவாக வளரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற வகை என்றால் முழுவதும் எடுத்தாலே பெரும்பாலும் போதும், வேறு சிகிச்சை வேண்டியிருக்காது. பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நன்றாக இருப்பார்கள். வேகமாக வளரும் புற்றுக்கட்டியான மெடுலோபிளாஸ்டோமா என்றால் ஆபரேஷனோடு முடியாது, தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சும் அப்புறம் கீமோவும் வேண்டும். பரவாமல், பெரும்பகுதி எடுக்கப்பட்டு, சிகிச்சையை இடையில் விடாமல் முடித்த குழந்தைகளில் நூற்றுக்கு எழுபது, எண்பது பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் வளரும் மூளையைக் கதிர்வீச்சு பாதிக்கும் என்பதால் கீமோவை முன்னால் கொடுத்து, கதிர்வீச்சைத் தள்ளிவைப்பார்கள். மூளைநீர் அறைகளின் உட்சுவரில் தொடங்கும் எபென்டைமோமா என்ற வகையில் எவ்வளவு முழுதாக எடுக்கிறோம் என்பதே எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. மீதி இருந்தால் இரண்டாவது முறை திறப்பதும் பல நேரம் நல்ல முடிவே.

இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்து "அம்மா" என்று கூப்பிட்ட குழந்தை, ஓரிரு நாளில் திடீரென்று பேச்சை நிறுத்திவிடலாம். சிணுங்கிக்கொண்டே இருப்பாள், உட்கார வைத்தால் சாய்வாள். மெடுலோபிளாஸ்டோமா ஆபரேஷன் ஆன குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது வருகிறது. யாரும் சொல்லாமல் விட்டால் பெற்றவர்கள் உடைந்துபோகிறார்கள். பேச்சு சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும். சிலருக்கு நிதானமாகப் பேசுவதும் நடையில் லேசான தடுமாற்றமும் மிஞ்சலாம். பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிடச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கான ஐசியூவும் புற்றுநோய்ப் பிரிவும் ஒரே இடத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஸ்கேன் ஃபிலிம் மட்டும் போதாது, படங்கள் பதிந்த சிடியையும் (CD) கேட்டு வாங்குங்கள். போகும்போது அப்பாருவையும் கூட்டிப் போங்கள். படத்தைக் கண்ணால் பார்த்து, அவருடைய சந்தேகத்தைச் சர்ஜனிடம் அவரே கேட்கட்டும்.